உஜமா என்றால் கேண்மை

தான்சானியாவின் வரலாற்றைப் படிக்கிறவர்களுக்கு ‘உஜமா’ என்ற சொல் கட்டாயம் எதிர்ப்படும். பக்கத்திலேயே ‘ஆப்பிரிக்க சோசலிசம்’ என்று விளக்கம் இருக்கும். தவறில்லை. ஆனால் அது கொள்கையின் பெயர். சொல்லின் பொருள் அல்ல.

கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாகிலியில் ‘ஜமா’ என்றால் சொந்தபந்தம். கூட்டம் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நம் ஊர்ப் பள்ளிவாசல் ஜமாத்தும், தாலுகா ஆபீசில் நடக்கும் ஜமாபந்தியும் அதே வேரில் கிளைத்தவைதான். அரபியில் கூட்டமாக இருந்த சொல் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் குடும்பமாகிவிட்டது!

சரி, முன்னால் நிற்கும் ‘உ’? தமிழில் ‘மை’ விகுதி பின்னால் நின்று செய்கிற வேலையை, சுவாகிலியில் ‘உ’ முன்னால் நின்று செய்கிறது. ‘மோஜா’ ஒன்று, ‘உமோஜா’ ஒருமை. அப்படியே, உறவாக இருக்கும் தன்மை உஜமா.

இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதியான தங்கனிக்கா 1961 டிசம்பர் 9 அன்று விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டு, பின்னாளில் தான்சானியாவின் முதல் அதிபரான ஜூலியஸ் நைரேரே எழுதிய கட்டுரை இந்த வீட்டுச் சொல்லை அரசியலுக்குக் கொண்டுவந்தது. சோசலிசத்துக்கு வர்க்கப் போராட்டம் தேவையில்லை, கூட்டுக் குடும்பமே அடித்தளம் என்றார். அதில் ஒரு சுவாகிலிப் பழமொழியையும் சொல்கிறார்: விருந்தாளியை இரண்டு நாள் விருந்தாளியாக வை, மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு. நமக்கு ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ ஞாபகம் வரும். நம் பழமொழி விருந்தாளியை ஊருக்கு அனுப்பிவைக்கிறது. அவர்களுடையது வயலில் இறக்கி வீட்டு ஆளாக்குகிறது. உஜமாவின் சாரம் அந்த மண்வெட்டியில் இருக்கிறது.

1967 பிப்ரவரி 5 அன்று ஆளுங்கட்சி வெளியிட்ட அருஷா பிரகடனத்தோடு இதுவே அரசின் கொள்கையானது. வங்கிகள் நாட்டுடைமையாயின, சேர்ந்து வாழ்ந்து சேர்ந்து உழைக்கும் உஜமா கிராமங்கள் எழுந்தன. முதலில் விரும்பியவர்கள் சேர்ந்தார்கள். 1973 இல், 1976 முடிவதற்குள் கிராமப்புறத்தார் எல்லோரும் இந்தக் கிராமங்களுக்குக் குடிபோயாக வேண்டும் என்று அரசு அறிவித்தது. பல லட்சம் பேர் இடம் மாற்றப்பட்டார்கள். சில இடங்களில் பழைய வீடுகள் கொளுத்தப்பட்டன. உறவைக் குறித்த ஒரு சொல்லுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் நடந்திருக்க முடியாது.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘கூட்டுறவு’ என்றால் சங்கமும் கடனும் நினைவுக்கு வரும். ‘பொதுவுடைமை’ மார்க்சியத்தோடு ஒட்டிப்போன சொல். என் தேர்வு ‘கேண்மை’. ‘யாவரும் கேளிர்’ என்கிறோமே, அந்தக் ‘கேள்’ உறவினரைக் குறிப்பது. கேள் கூட்டல் மை, கேண்மை. இன்று நட்பு என்ற பொருளில்தான் அதிகம் வழங்குகிறது. வேரில் இருப்பது உறவு. ‘உ’வும் ‘ஜமா’வும் சேர்ந்த அதே கட்டுமானம், வரிசை மட்டும் முன்பின். கொள்கையைச் சொல்லும்போது உஜமா என்றே எழுதி, முதல் இடத்தில் ‘கேண்மை’ என்று பொருள் தரலாம்.

தான்சானியாவின் தெற்கில் வாழும் மக்கொண்டே இன மரச் சிற்பிகளின் ஒருவகைச் சிற்பத்துக்கும் உஜமா என்றுதான் பெயர். கன்னங்கரிய ஒற்றை மரத்துண்டில் பாட்டன், தாய், பிள்ளை என ஒருவர் தோளில் ஒருவராக ஏறி நிற்பார்கள். ஒருவருடைய கை எங்கே முடிகிறது, அடுத்தவருடைய கால் எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.