தொழிற்கூடத் தண்ணீர்: அனுமதி மூன்று, கணக்கு ஒன்று

புதிதாகத் தொழில் தொடங்குபவர் கரண்ட் எத்தனை கிலோவாட் வேண்டும் என்று எலக்ட்ரீஷியனை உட்காரவைத்துக் கணக்குப் போடுகிறார். தண்ணீருக்கு அப்படி யாரும் உட்காருவதில்லை. ‘நாளொன்றுக்குத் தேவைப்படும் நீர்’ என்ற விண்ணப்பக் கட்டத்தில் ஆலோசகர் வாய்க்கு வந்த ஓர் எண்ணை எழுதுவார், முதலாளி கையெழுத்துப் போடுவார். அந்த எண்ணே பிறகு மாசு கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணையில் வரம்பாக அச்சாகி வரும். குறைத்து எழுதியிருந்தால் கோடையில் தினமும் மீறல். கூட்டி எழுதியிருந்தால் கழிவுநீரின் அளவும் கூடித் தெரியும், சுத்திகரிப்பு நிலையத்தையும் அதற்கேற்பப் பெரிதாகக் கட்டச் சொல்வார்கள்.

மதுரையைச் சுற்றிக் கப்பலூர், கே.புதூர், உறங்கான்பட்டி சிட்கோ பேட்டைகளிலும், வாடிப்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்திலும் சிறு, நடுத்தரத் தொழில் நடத்துபவர்கள் தண்ணீருக்காக மூன்று இடங்களில் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். மூன்று இடத்திலும் கேட்பது ஒரே கணக்கைத்தான்.

போர் போடும் முன்

முதல் அனுமதி உள்ளாட்சியில். மாநகராட்சி எல்லைக்குள் என்றால் மாநகராட்சி, வெளியே என்றால் அந்தந்த நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சி. ஆழ்துளைக் கிணறுகளில் குழந்தைகள் விழுந்து இறந்ததையொட்டி உச்ச நீதிமன்றம் 2010-இல் பிறப்பித்த வழிமுறைகளும், தமிழ்நாடு அரசு 2015-இல் கொண்டுவந்த விதிகளும் இதற்கு அடிப்படை. துளையிடுவதற்கு 15 நாள் முன்னதாக எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். பதிவுபெற்ற ரிக் வண்டிதான் வர வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் பெயர்ப் பலகையும் சுற்றுவேலியும் இருக்க வேண்டும். துளைக்குள் இறக்கும் கேசிங் குழாயைச் சுற்றி அரை மீட்டருக்கு அரை மீட்டர் சிமென்ட் மேடை, தரைக்கு மேலே 30 செ.மீ., கீழே 30 செ.மீ. தண்ணீர் வராத போரைக் கல்லும் மண்ணும் போட்டு மேல்மட்டம் வரை மூட வேண்டும். சாக்கைச் சுருட்டி வாயில் திணித்துவிட்டுப் போகிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அதுதான் பெரிய ஆபத்து.

இரண்டாவது, நீர்வளத் துறையின் நிலத்தடி நீர்ப் பிரிவு தரும் தடையில்லாச் சான்று. 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம் 2013-இல் ரத்தானது. அதன்பின் 23.7.2014 தேதியிட்ட அரசாணை 142 வழியாகவே இந்தக் கட்டுப்பாடு நடக்கிறது. இதில் அலகு மாவட்டமோ தாலுகாவோ இல்லை, பிர்க்கா (தாலுகாவுக்குள் பல கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு). ஒரு பிர்க்காவில் ஆண்டுக்கு ஊறும் நீரில் எத்தனை சதவீதம் எடுக்கப்படுகிறது என்று பார்த்து வகை பிரிக்கிறார்கள். 70 வரை பாதுகாப்பானது, 70 முதல் 90 வரை ஓரளவு அபாயம், 90 முதல் 100 வரை அபாயம், 100-ஐத் தாண்டினால் மிகை உறிஞ்சல். கடைசி இரண்டு வகையிலும் தண்ணீரை நம்பிய புதுத் தொழிலுக்குச் சான்று கிடையாது. மற்ற இரண்டில் விண்ணப்பித்து வாங்க வேண்டும்.

அதனால் மனை வாங்க முன்பணம் கொடுக்கும் முன்பே அந்த ஊர் எந்தப் பிர்க்கா என்று விஏஓவிடம் கேட்டு, அதன் இப்போதைய வகையையும் பார்த்துவிடுங்கள். பக்கத்து மனைக்காரர் வாங்கிவிட்டார் என்பது ஆதாரமாகாது. மதிப்பீடு புதுப்பிக்கப்படும்போது வகை மாறும், நடுவில் ஒரு ரோடு போனால் பிர்க்காவே மாறலாம்.

விலக்கும் உண்டு. வீட்டு உபயோகம், அரசின் குடிநீர்த் திட்டம், தண்ணீரை மூலப்பொருளாகவோ செய்முறையிலோ பயன்படுத்தாத தொழில் ஆகியவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. தொழிலாளர்கள் குடிக்கவும் கழிக்கவும் எடுக்கும் நீருக்கு அனுமதி உண்டு. பலர் சறுக்குவது இங்கேதான். ‘நாங்கள் ரப்பர் மோல்டிங், தண்ணீருக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை’ என்று எழுதிக் கொடுப்பார்கள். ஆய்வுக்கு வருபவர் நிமிர்ந்து பார்த்தால் மாடியில் கூலிங் டவர் ஓடிக்கொண்டிருக்கும். குளிரூட்டலும் கொதிகலனும் செய்முறைக் கணக்கில்தான் சேரும்.

மூன்றாவது, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை. 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், பிரிவு 25. கட்டடம் எழுப்பும் முன் ஒன்று, உற்பத்தி தொடங்கும் முன் இன்னொன்று. விண்ணப்பம் ஆன்லைனில். நான்கு மாதத்துக்குள் முடிவு சொல்லாவிட்டால் இசைவு தந்ததாகக் கொள்ளலாம் என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை நம்பி மெஷினை ஓட்ட வேண்டாம். விண்ணப்பத்தில் ஏதாவது குறையென்று திருப்பி அனுப்பியிருந்தால், பேச்சு அந்த நான்கு மாதத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதில் போய் நிற்கும். மீறலுக்குப் பிரிவு 33ஏ-யின்கீழ் மூடச் சொல்லவும், மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கச் சொல்லவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு.

மதுரைக்கென்று கூடுதலாக ஒன்று. அதிக மாசு தரும் தொழில்கள் புதிதாக வருவதற்கு ஆறு, ஓடைக் கரைகளிலிருந்து 1 கி.மீ. வரை தடை விதித்தது 1989-ஆம் ஆண்டின் அரசாணை 213. காவிரி, பாலாறு, தாமிரபரணியோடு வைகைக்கும் அதை 5 கி.மீ. ஆக்கியது 1998-ஆம் ஆண்டின் அரசாணை 127. ஊரின் நடுவே ஆறு ஓடுகிறது, நகரின் பெரும்பகுதி இந்தத் தூரத்துக்குள் அடங்கிவிடும். சாயப்பட்டறை எண்ணம் இருந்தால் முதலில் வரைபடத்தில் தூரத்தை அளந்துவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

எண்ணை எங்கிருந்து எடுப்பது

மீட்டர் இல்லாத இடத்தில் 200 லிட்டர் டிரம் போதும். போர்க் குழாயை டிரம்மில் விட்டு நேரம் பாருங்கள். 90 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 8,000 லிட்டர். மோட்டார் ஐந்து மணி நேரம் ஓடினால் 40 கிலோலிட்டர். இதைத் தை மாதம் ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை செய்ய வேண்டும். மதுரை மண்ணுக்குக் கீழே கடினப் பாறை, அதன் விரிசல்களில்தான் தண்ணீர் நிற்கிறது. கோடையில் அதே மோட்டார் பாதிதான் தள்ளும்.

எடுக்கிற நீரைத் தெரிந்துகொண்டபின், அது எங்கே போகிறது என்று பிரிக்க வேண்டும். 80 பேர் வேலை செய்கிற ஒரு ரப்பர் தொழிற்கூடம் என்று வைத்துக்கொள்வோம். தேசியக் கட்டட விதித் தொகுப்பின்படி குளியலறை உள்ள தொழிற்சாலையில் ஆளுக்கு 45 லிட்டர், ஆக 3,600. கேன்டீனுக்கு ஆளுக்கு 15 வீதம் 1,200. கொதிகலனுக்கு 3,000 லிட்டர் ஆர்ஓ நீர் (சவ்வு வழியே உப்பு நீக்கிய நீர்) வேண்டும். 60 சதவீதம்தான் தேறும் என்பதால் உள்ளே போவது 5,000, கழிவு 2,000. கூலிங் டவரில் ஆவியாவது 4,000, உப்பு ஏறாமல் திறந்துவிடுவது 4,000, மொத்தம் 8,000. தோட்டத்துக்கு 1,000. கூட்டினால் 18,800 லிட்டர், அதாவது 18.8 கிலோலிட்டர்.

மோட்டார்க் கணக்கு 25 காட்டி, பிரித்த கணக்கு 18.8 காட்டினால் மீதி ஆறு எங்கோ ஒழுகுகிறது. வார விடுமுறை நாளில் எல்லா வால்வையும் மூடி, மேல்தொட்டி மட்டத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டு மறுநாள் காலை பாருங்கள். பெரும்பாலும் சம்ப்பின் மிதவை வால்வு அல்லது கழிப்பறைத் தொட்டிதான் குற்றவாளியாக இருக்கும்.

மிச்சப்படுத்தினால் உப்பு ஏறும்

கூலிங் டவரில் தண்ணீரைச் சுற்றவிடச் சுற்றவிட, ஆவி போய் உப்பு மட்டும் தங்கும். போட்ட நீரைப்போல் எத்தனை மடங்கு உப்பு ஏறலாம் என்பதுதான் சுற்று எண். ஆவியை இந்தச் சுற்று எண்ணால் பெருக்கி, சுற்றில் ஒன்று குறைத்த எண்ணால் வகுத்தால் போட வேண்டிய தண்ணீர் வரும். 4,000 ஆவிக்கு இரண்டு சுற்றில் 8,000, மூன்றில் 6,000, நான்கில் சுமார் 5,300. இதைப் பார்த்ததும் சுற்றைக் கூட்டத்தான் கை போகும்.

ஆனால் வெளியே விடுகிற நீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் மொத்த உப்பு) லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது வாரிய வரம்பு. போர் நீரே 1,200 இருந்தால் இரண்டு சுற்றில் 2,400, அப்போதே மீறல். வரம்புக்குள் நிற்க 1.7 சுற்றுக்கு இறங்க வேண்டும். அதற்கு 9,700 லிட்டர் பிடிக்கும். சாஃப்ட்னர் போட்டால் டிடிஎஸ் குறையும் என்று நினைப்பவர்கள் அநேகம். குறையாது. அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை வைக்கிறது, அவ்வளவுதான். போதாததற்கு, அதைக் கழுவும் உப்புக் கரைசல் கழிவில் சேரும்.

மழைநீர் உண்மையில் உதவுவது இந்த இடத்தில்தான். கூரையில் பிடித்த மழைநீரில் டிடிஎஸ் 50-க்குள் என்று கொள்வோம். போர் நீரோடு சரிபாதி கலந்தால் 625. மூன்று சுற்று ஓட்டினாலும் 1,875-தான். போட வேண்டியது 6,000, அதில் போர் நீர் 3,000 மட்டும். எட்டாயிரம் மூவாயிரமாகிறது. இவ்வளவு நல்ல தண்ணீரைச் செடிக்கு விடுவதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும்.

ஆர்ஓ கழிவு இதில் சுமார் 3,000 டிடிஎஸ் இருக்கும். தோட்டத்துக்கு விட்டால் மண்ணில் உப்புப் பூத்துப்போகும். கழிப்பறைக்கு விடலாம்: ஆளுக்கு 20 லிட்டர் வீதம் 1,600. அப்படிச் செய்தால் மற்ற கழிவோடு கலந்து 1,800 டிடிஎஸ் வரும், ஆள் உபயோகத்தில் சேரும் உப்போடு வரம்பை ஒட்டி நிற்கும். மாதம் ஒரு தடவை கையடக்க மீட்டரால் அளந்துவிடுங்கள்.

இத்தனையும் செய்து, தோட்டத்துக்குச் சுத்திகரித்த நீரை விட்டால், மழைக்காலத்தில் போர் நீர் 11,200 லிட்டர். மழைநீர் தீர்ந்த கோடையில் கூலிங் டவரே 9,700 கேட்கும், மொத்தம் 17,900. விண்ணப்பத்தில் எழுத வேண்டியது கோடை எண்ணை. கார்த்திகையில் கணக்குப் போட்டு 11 என்று எழுதியவர் சித்திரையில் மாட்டிக்கொள்வார்.

கூரையும் சம்ப்பும்

மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளிலும் இருக்கிறது. மதுரையில் ஆண்டு மழை சுமார் 850 மி.மீ., பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில். 1,500 சதுர மீட்டர் ஷீட் கூரையில் பத்துக்கு எட்டுப் பங்கு கைக்கு வந்தால் ஆண்டுக்கு 1,020 கிலோலிட்டர். ஒரே மழையில் 40 மி.மீ. பெய்தால் 48 கிலோலிட்டர். ஆகவே 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் ஆழமுள்ள சம்ப் ஒரு நல்ல மழையில் நிறைந்துவிடும். நாளுக்கு 3,000 எடுத்தால் பதினாறு நாள் வரும். அடுத்த மழை அதற்குள் வந்துவிடும் மாதங்களில் இது முழுப் பலன் தரும்.

முதல் மழைத் தண்ணீரைத் தள்ளிவிட ஒரு தனி வால்வு வேண்டும். நிரம்பி வழிவது மட்டும் உறிஞ்சு குழிக்குப் போகட்டும். பெருங்கல், ஜல்லி, மேலே மணல் என்று அடுக்கி, மேல் மணலை ஆண்டுதோறும் ஆடியில் வழித்து மாற்ற வேண்டும். அதை விட்டால் இரண்டே வருடத்தில் வண்டல் படிந்து, குழி வெறும் தொட்டியாகிவிடும். எண்ணெய் சிந்துகிற ஷெட் தரையின் வடிகாலையோ, கூலிங் டவர் கழிவையோ இதில் ஒருபோதும் சேர்க்காதீர்கள். பாறை விரிசலில் இறங்கிய எண்ணெய் மண்ணில் வடிகட்டப்படாது, பக்கத்து வீட்டுப் போரில் வந்து நிற்கும்.

ஆய்வின்போது பார்ப்பவை

போர் மீட்டர் மோட்டாருக்கு அடுத்து, முதல் கிளை பிரியும் முன் இருக்க வேண்டும். மீட்டருக்கு முன் குழாய் விட்டத்தைப்போல் பத்து மடங்கு, பின்னால் ஐந்து மடங்கு நேர்க்குழாய். வளைவை ஒட்டி மாட்டினால் எண் தவறும். மணல் வரும் போரில் முன்னால் வடிகட்டி இல்லாவிட்டால் சக்கரம் சிக்கி நின்றுவிடும். நின்ற மீட்டரைப் பார்க்கும் அதிகாரி வேண்டுமென்றே நிறுத்தியதாகத்தான் நினைப்பார். தினமும் ஒரே நேரத்தில் ரீடிங். லாரித் தண்ணீருக்குத் தனிப் பக்கம், ரசீதோடு. விற்பவரின் அனுமதி நகலையும் வாங்கி வையுங்கள்.

கழிவுநீரை நீர்நிலைக்கு விட பிஎச் 5.5 முதல் 9 வரை, பிஓடி (நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்க எடுக்கும் ஆக்சிஜன்) 30, சிஓடி (வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250, கரையாமல் கலங்கி நிற்கும் திடப்பொருள் 100, எண்ணெய்ப் பிசுக்கு 10 மில்லிகிராம் வரை என்பது பொது வரம்பு. பாசனத்துக்கு நிலத்தில் விடுவதென்றால் பிஓடி 100. உங்கள் இசைவாணையில் இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும்.

பலர் மறப்பது படிவம் 5, சுற்றுச்சூழல் அறிக்கை. மார்ச் 31-இல் முடிந்த ஆண்டுக்குச் செப்டம்பர் 30-க்குள் கொடுக்க வேண்டும். செய்முறை, குளிரூட்டல், குடிநீர் வகை எனத் தண்ணீரைப் பிரித்து, ஓர் அலகு உற்பத்திக்கு எவ்வளவு என்றும் கேட்பார்கள். மீட்டர் புத்தகம் இருந்தால் அரை மணி நேர வேலை.

மனைக்குள் வரத்துக்கால்

மேலூர், திருமங்கலம் பக்கம் மனை வாங்கும்போது ‘அ’ பதிவேட்டையும் (சர்வே எண்வாரியாக நில வகையைக் காட்டும் வருவாய்ப் பதிவேடு) புலப்படத்தையும் எடுத்து ஓடை, வாய்க்கால், கண்மாய்ப் புறம்போக்கு ஏதும் உள்ளே வருகிறதா என்று பாருங்கள். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும், இப்போது காய்ந்து கிடக்கிற வரத்துக்காலை மண் போட்டு மூடிச் சுவர் எழுப்பினால், ஐப்பசியில் கலுங்கு தாண்டுகிற தண்ணீர் உங்கள் ஷெட்டுக்குள் வரும். கண்மாய்ப் புறம்போக்கைத் தொட்டிருந்தால் 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி ஆக்கிரமிப்பு நோட்டீஸும் பின்னாலேயே வரும். குறுக்கே போகத்தான் வேண்டுமென்றால் நீர்வளத் துறையிடம் எழுதி, அவர்கள் சொல்கிற அகலத்துக்குச் சிறுபாலம் கட்டிக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் அந்த அனுமதிக் கடிதத்தை மனைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள், விற்கும்போது கேட்பார்கள்.