காதில் கோளாறு இல்லை, வகுப்பறையில்தான்

"கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிறான், காது மந்தமோன்னு மிஸ் சொல்றாங்க மேடம்" என்று மூன்றாம் வகுப்புப் பையனை ஒரு அம்மா அழைத்து வந்தார். எவ்வளவு கேட்கிறது என்று அளந்து காட்டும் ஆடியோகிராம் எடுத்துப் பார்த்தேன், இரண்டு காதும் நன்றாக இருந்தன. ஆனால் நாங்கள் பரிசோதிப்பது வெளிச்சத்தம் புகாத அறையில், இவன் படிப்பது அங்கே இல்லையே? சொல்வதெழுதுதல் நோட்டைக் கேட்டு வாங்கினேன். 'சட்டம்' என்று வர வேண்டிய இடத்தில் 'கட்டம்', 'பல்' இருக்க வேண்டிய இடத்தில் 'கல்'.

அந்த நோட்டிலேயே விஷயம் இருந்தது. அ, ஆ போன்ற உயிரொலிகளுக்கு வலு அதிகம், இரைச்சலைத் தாண்டி வந்துவிடும். க, ச, ப என்று சொல்லைப் பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் சன்னமானவை, ஒரு நொடியில் சிறு துளிதான், ஃபேன் சத்தத்திலேயே அமுங்கிப்போகும். பெரியவர்கள் விட்டுப்போனதை ஊகித்து நிரப்பிக்கொள்கிறோம். எட்டு வயதுப் பிள்ளையிடம் அதற்கான சொற்கள் இன்னும் சேரவில்லை, தவிர இரைச்சலுக்குள் பேச்சைப் பிரித்தெடுக்கும் திறன் பதின்வயது வரை வளர்ந்துகொண்டுதான் இருக்கும்.

பள்ளிக்கே போய்ப் பார்த்தேன். ஜன்னலை ஒட்டிப் பேருந்து நிறுத்தம், கடகடக்கும் மின்விசிறி, பக்கத்து வகுப்புக்கும் இதற்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு மட்டும், அந்தப் பக்கம் முழு வகுப்பும் வாய்ப்பாடு சொல்கிறது, இவன் கடைசி பெஞ்ச். ஆசிரியர் குரல் இரைச்சலைவிட 15 டெசிபலாவது (சத்தத்தை அளக்கும் அலகு) கூடுதலாக இருக்க வேண்டும் என்பது எங்கள் செவித்திறன் துறையில் சொல்லும் அளவு. அந்த பெஞ்சில் அந்த இடைவெளி பெயருக்குத்தான் இருந்தது. பாவம் அந்த மிஸ், தொண்டை கட்டியே பேசினார்.

1975இல் ஆர்லின் பிரான்ஸாஃப்ட் என்ற உளவியலாளர் நியூயார்க்கில் மேம்பாலத் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு பள்ளியை ஆராய்ந்தார். நாலரை நிமிடத்துக்கு ஒரு ரயில். தண்டவாளப் பக்கம் படித்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பில் அமைதியான பக்கத்துப் பிள்ளைகளைவிட ஏறக்குறைய ஒரு வருடம் பின்தங்கியிருந்தார்கள். அப்புறம் தண்டவாளத்தில் ரப்பர் பட்டை வைத்து, வகுப்பறைக் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை அடித்தார்கள். 1981இல் வெளியான அடுத்த ஆய்வில் அந்த வித்தியாசமே இல்லை!

இங்கே அவ்வளவு செலவுக்கு வழியில்லை. பையனை முன் பெஞ்சுக்கு மாற்றச் சொன்னேன், மின்விசிறியைச் சரிசெய்து, பெஞ்சுக் கால்களில் பழைய ட்யூப் ரப்பரைச் சுற்றி, கனமான திரை போட்டு, பக்கத்து வகுப்பு வாய்ப்பாட்டையும் இவர்கள் சொல்வதெழுதும் நேரத்தில் வராமல் தள்ளிவைத்தார் தலைமையாசிரியை. (முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் தெருச் சத்தம் நிற்காது, யார் கிளப்பிவிட்டார்களோ.) அம்மாவிடம் சொன்னது ஒன்றுதான்: வீட்டுப்பாட நேரத்தில் சீரியல் வேண்டாம், மனப்பாடம் செய்யும்போது பின்னால் யாரோ பேசிக்கொண்டிருப்பது மின்விசிறி இரைச்சலைவிட மோசம்.

இதைப் படித்துவிட்டுப் பரிசோதனையே தேவையில்லை என்று இருந்துவிடாதீர்கள். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் பிள்ளை இதே மாதிரிதான் திரும்பாமல் இருக்கும்.