மோழைக்கடாவும் சினை பிடிக்காத பெட்டையும்

மலேசியாவின் நிபோங் திபால் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஆடு வளர்க்கும் ஒருவர், இரண்டு ஆண்டுகளாகச் சினை பிடிக்காத ஒரு சானென் இனப் பெட்டையாட்டைக் காட்டி, “ராசியில்லாத ஆடு டாக்டர், தீபாவளிக்கு வெட்டிவிடலாமா?” என்று கேட்டார். வாலைத் தூக்கிப் பார்த்தேன். பெண்குறி சிறுத்து, ஆசனவாயிலிருந்து வழக்கத்தைவிடத் தள்ளியிருந்தது; அதன் கீழ்முனையில் பட்டாணி அளவுக்கு ஒரு கெட்டிப் புடைப்பு. அது மற்றப் பெட்டைகளின் மேல் கடாவைப்போல் ஏறுவதாக அவருடைய மகன் சொன்னார். அதற்கும் கொம்பில்லை, தாய்க்கும் இல்லை, தகப்பன் கடாவுக்கும் இல்லை.

கொம்பில்லாத மோழை ஆடுகளை விரும்பி வாங்குவதில் நியாயம் உண்டு. அவை வேலிக்கம்பியில் சிக்குவதில்லை, ஒன்றையொன்று குத்துவதுமில்லை. ஆனால் வெள்ளாட்டில் கொம்பை முளைக்கவிடாத அதே மரபணு மாற்றம், தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாகச் சேர்ந்துவிட்டால், பெண்ணாகப் பிறக்க வேண்டிய குட்டியை இருபாலாக்கி மலடாக்கிவிடுகிறது. மரபிழையில் (டி.என்.ஏ.) ஏறத்தாழ 11,700 எழுத்துகள் விடுபட்டிருப்பதே இதற்குக் காரணம் என்று 2001-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்த மாற்றத்தை ஒருவழியில் மட்டும் பெற்ற மோழைக்கடாவை அத்தகைய மோழைப்பெட்டையுடன் சேர்த்தால், பிறக்கும் குட்டிகளில் சராசரியாக எட்டில் ஒன்று இப்படி ஆகும். இணையில் ஒன்றுக்கேனும் பிறவிக் கொம்பு இருந்தால் இக்குறை வராது. குட்டியிலேயே சூடு வைத்துக் கொம்பை நீக்கிய ஆடும் இந்தக் கணக்கில் கொம்புள்ளதே. செம்மறியில் இத்தொல்லை இல்லை என்பதால், டோர்ப்பர் இனச் செம்மறி வளர்ப்போர் மோழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அவர்கள் கவலைப்பட வேண்டியது வேறொன்றைப் பற்றி. நல்ல கடா என்று ஒன்றையே ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால், அது தன் மகள்களையே சினைப்படுத்துகிறது. அக்குட்டிகளின் உட்கலப்பு அளவு 25 விழுக்காடு. மறைந்து கிடந்த குறைகள் அப்போதுதான் தலைகாட்டும். கீழ்த்தாடை முன்தள்ளியதையோ, ஒரு விதை இறங்காததையோ, எவ்வளவு எடை போட்டாலும் இனவிருத்திக்கு விடக் கூடாது.

அவரிடம் குறிப்பேடு இருந்தது. ஆனால் அதில் தீனிக் கணக்கு மட்டுமே இருந்தது. ஈன்ற நாள், தாயின் காது எண், கடாவின் எண், கொம்பு உண்டா இல்லையா என்று நான்கு பத்திகளுக்குக் கோடு போட்டுக் கொடுத்தேன். தாயையும் தகப்பனையும் விற்க வேண்டியதில்லை, இணையை மாற்றினால் போதும் என்றதும், கொம்புள்ள போயர் இனக் கடா ஒன்றுக்குச் சொல்லி வைத்தார். அந்தப் பெட்டையைத் தீபாவளிக்கென்று தனியே கட்டிவிட்டார்.