காலையில் ஓடுகிறவர் ராத்திரியே ஊறவைக்க வேண்டும்

காலை 5 மணிக்கு ஒரு ஃபில்டர் காபி. ஐந்தரையிலிருந்து ஆறே முக்கால் வரை ஷட்டில், ஓட்டம் அல்லது ஜிம். எட்டரைக்கு நின்றபடியே நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் டப்பாவில் சாம்பார் சாதம், ஒரு பொரியல், கொஞ்சம் மோர். நாலரைக்கு ஆபீஸ் பக்கத்துக் கடையில் டீயும் இரண்டு போண்டாவும். ராத்திரி மூன்று சப்பாத்தி, குருமா. உடற்பயிற்சி செய்கிறவர்களிடம் ஒரு நாள் சாப்பாட்டை எழுதிக்கொண்டு வரச் சொன்னால் பெரும்பாலும் இந்த வடிவில்தான் வரும்.

இதில் புரதத்தைக் கூட்டிப் பார்த்தால் சுமார் 45 கிராம் தேறும். இட்லியில் இருப்பது நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. ஓர் இட்லிக்கு 2 கிராம் புரதம் கிடைத்தாலே அதிகம். ஓடியாடாத சராசரி ஆளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்) 2020-ல் வெளியிட்ட அளவு. வாரத்தில் நாலைந்து நாள் வியர்க்க விறுவிறுக்கப் பயிற்சி செய்கிறவருக்கு விளையாட்டு ஊட்டச்சத்துத் துறையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை சொல்கிறோம். தசையைப் பெருக்கத் தீவிரமாக உழைப்பவருக்கு அதற்கும் மேல். 65 கிலோ எடை உள்ளவருக்குக் குறைந்தபட்சமே 78 கிராம். ஆக, தினமும் 30 கிராமுக்கு மேல் துண்டு விழுகிறது.

இந்த இடத்தில்தான் பலர் பவுடர் டப்பா வாங்கக் கிளம்புகிறார்கள். உடம்பை ஏற்றுவதற்காகப் புரதப் பவுடர் எடுப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது, ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி. துண்டு விழும் அந்த 30 கிராமும் நம் வீட்டுச் சம்படங்களிலேயே இருக்கிறது. "சமைக்க நேரமில்லை" என்பவர்களுக்கு உண்மையில் இல்லாதது ஊறவைக்கும் ஞாபகம். கொண்டைக்கடலை ஊற 10 மணி நேரம் வேண்டும், ஆனால் அதில் நம் கை வேலை 2 நிமிடம்தான்.

பயிற்சிக்கு முன்

அரை மணி, முக்கால் மணி நடைப்பயிற்சிக்கு முன்னால் எதுவும் சாப்பிட வேண்டியதில்லை. தண்ணீர் போதும். நடந்துவிட்டு வந்த கையோடு ஒரு டம்ளர் சத்துமாவுக் கஞ்சியும் நாலு பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு, எடை குறையவே இல்லையே என்று கேட்பதில் பயனில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்கள், ஷட்டில் ஆடுகிறவர்கள், எடை தூக்குகிறவர்கள் கதை வேறு. வெறும் காபியோடு போனால் நாற்பதாவது நிமிடத்தில் கால் கனக்கும், சிலருக்குப் புளிச்ச ஏப்பம் வரும். அரை மணி முன்னால் இரண்டு சிறிய பூவன் பழம் சாப்பிட்டால் ஏறத்தாழ 25 கிராம் மாவுச்சத்து கிடைக்கும். மூன்று பேரீச்சம்பழமும் கிட்டத்தட்ட அதே கணக்கு. காபி வேண்டுமென்றால் அதோடு குடிக்கலாம்.

சுண்டலும் முளைகட்டிய பயறும் நல்லவைதான், ஆனால் பயிற்சிக்கு முன்னால் அல்ல. நார்ச்சத்து வயிற்றிலேயே தங்கி, குதிக்கும்போது உப்புசமும் பிடிப்புமாகத் தொல்லை கொடுக்கும். சாயங்காலம் 7 மணிக்கு ஷட்டில் கோர்ட்டுக்குப் போகிறவர் சுண்டலை ஐந்து மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

கடலை மிட்டாயைப் பற்றி ஒரு வார்த்தை. 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி மிட்டாயானாலும் அதில் பாதிக்குப் பாதி வெல்லம். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்) இரண்டு மூன்று மணி நேரம் சைக்கிள் மிதிக்கிறவர் பையில் வைத்துக்கொள்ள அதைவிட நல்ல பண்டம் இல்லை. ஏ.சி. அறையில் உட்கார்ந்து கொறித்தால் அது வெறும் இனிப்பு. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை எல்லாமே முக்கால் பங்குக்கு மேல் சர்க்கரைதான், நிறம்தான் வேறு.

சுண்டல்: ஒரு தடவை வேகவைத்து ஐந்து நாளுக்கு

கறுப்புக் கொண்டைக்கடலை 250 கிராம் எடுத்தால் ஐந்து பேருக்கு ஒரு வேளைக்கு ஆகும், அல்லது ஒருவருக்கு ஐந்து நாள். 50 கிராம் காய்ந்த கடலையில் 9 கிராமுக்குக் குறையாமல் புரதம் இருக்கிறது. வெந்தால் ஒரு சின்னக் கிண்ணம் நிறைய வரும்.

கழுவி, கடலையைப் போல நாலு மடங்கு தண்ணீர் விட்டு, அரை ஸ்பூன் உப்புப் போட்டு 8 முதல் 10 மணி நேரம் ஊறவையுங்கள். உப்புப் போட்டால் வேகாது என்று பாட்டி காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். அது தவறு, உப்புத் தண்ணீரில் ஊறினால் தோல் சீக்கிரம் இளகும். சித்திரை வைகாசி வெயிலில் மேசை மேல் வைத்தால் நுரை தட்டி வாடை வரும், ஃபிரிட்ஜில் ஊறட்டும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வாயுத் தொல்லை தரும் சர்க்கரைகளில் ஒரு பகுதி ஊறிய தண்ணீரோடு போய்விடும்.

குக்கரில் கடலைக்கு மேல் ஒரு விரற்கடை தண்ணீர் நிற்கட்டும். முதல் விசில் வந்ததும் தீயைச் சிறிதாக்கி 15 முதல் 20 நிமிடம். விசில் எண்ணிக்கையை நான் சொல்வதில்லை. ஒவ்வொரு குக்கருக்கும் அது மாறும், நிமிடம் மாறாது. ஆவி தானாக அடங்கட்டும், வெயிட்டைத் தூக்கி அவசரமாக ஆவியை விட்டால் தோல் கழன்றுவிடும்.

இத்தனை செய்தும் கடலை 'நறுக் நறுக்' என்று இருந்தால் இரண்டு காரணம். ஒன்று, கடலை பழையது. கடையில் ஒரு வருடம் கிடந்தது எத்தனை விசில் விட்டாலும் மசியாது. இரண்டாவது, போர் தண்ணீர். அதிலிருக்கும் சுண்ணாம்பும் மெக்னீசியமும் தோலை இறுக்கிவிடும். ஊறவைக்கவும் வேகவைக்கவும் கேன் தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், அதே கடலை வெண்ணெயாக வேகும். சமையல் சோடா போட்டாலும் வேகும்தான், ஆனால் தயமின் என்கிற பி1 சத்து அழியும். எலுமிச்சை, மாங்காய், தக்காளி எல்லாம் வெந்த பிறகே சேர்க்க வேண்டும். புளிப்பு முன்னால் விழுந்தால் கடலை வேகாமல் நின்றுவிடும்.

வெந்ததை நன்றாக வடித்து, ஆறவைத்து, ஐந்து டப்பாவில் பிரியுங்கள். மூன்று நாளுக்கு உரியது ஃபிரிட்ஜில், மற்றது ஃபிரீசரில். காலையில் ஒரு டப்பாவை எடுத்து, ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துப் புரட்டினால் 3 நிமிடம். மொத்தமாகத் தாளித்துத் தேங்காயும் போட்டு வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. முதலில் கெடுவது தேங்காய், அது கடலையையும் கெடுத்துவிடும். ஆபீஸுக்குக் கொண்டுபோகிறவர்கள் தேங்காயை மறந்துவிட்டு மாங்காய்த் துருவலும் வெங்காயமும் தனி டப்பாவில் எடுத்துப்போய்க் கலந்துகொள்ளலாம். எலுமிச்சை பிழிந்தால் கடலையிலிருக்கும் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். கூடவே டீ குடித்தால் அந்த லாபம் போச்சு, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

கடலைப் பொடி

கடையில் வாங்கும் புரதப் பவுடருக்கு வீட்டு மாற்று என்று ஒன்றைக் கேட்டால் இதைச் சொல்வேன். வேர்க்கடலை 200 கிராம், பொட்டுக்கடலை 200 கிராம், எள் 50 கிராம். வேர்க்கடலையைச் சிறு தீயில் வாசனை வரும்வரை வறுத்துத் தோலை ஊதிவிடுங்கள். எள்ளைப் படபடவென்று பொரியும் வரை. பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுத்ததுதான், ஒரு நிமிடம் சூடு காட்டினால் போதும்.

முழுக்க ஆறிய பிறகே மிக்ஸி. முதலில் பொட்டுக்கடலையை நைஸாக அரைத்து, பிறகு மற்ற இரண்டையும் சேர்த்து, விட்டு விட்டு ஐந்தைந்து விநாடி மட்டும் ஓட்டுங்கள். சூட்டோடு அரைத்தாலோ தொடர்ந்து ஓட்டினாலோ எண்ணெய் பிரிந்து களிம்பாகிவிடும். அப்படி ஆகிவிட்டால் வருத்தப்பட வேண்டாம், சப்பாத்திக்குள் தடவலாம்.

வறுக்கும் முன் வேர்க்கடலையைத் தட்டில் பரப்பி ஒரு பார்வை பார்ப்பது முக்கியம். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்லாடாக்சின் கல்லீரலுக்கு விஷம், வறுத்தாலும் முழுக்கப் போகாது. வாயில் கசந்தால் விழுங்காமல் துப்புங்கள்.

30 கிராம் பொடியில், அதாவது குவித்து மூன்று மேசைக் கரண்டியில், 7 கிராம் அளவுக்குப் புரதம், 140 கலோரி. 200 மில்லி பாலில் கலக்கினால் 13 கிராம் ஆகிவிடும். பால் ஒத்துக்கொள்ளாதவர் தயிரில் ஒரு வாழைப்பழத்தோடு பிசைந்து சாப்பிடலாம். விதை எடுத்த பேரீச்சை ஆறு ஏழை மசித்து, 100 கிராம் பொடியோடு பிசைந்தால் நெய்யே இல்லாமல் நாலைந்து உருண்டை வரும். பொடியை ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே இருந்தால் சிக்கு வாடை வந்துவிடும்.

பயிற்சி முடிந்து

வந்ததும் அரை மணிக்குள் சாப்பிடாவிட்டால் எல்லாம் வீண் என்று ஜிம்மில் சொல்வதை நம்பி ஓட வேண்டாம். குளித்துவிட்டு, ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்குள் 20 கிராம் புரதத்தோடு சாப்பிட்டால் சரி. இட்லி மாவு இருக்கும் ஃபிரிட்ஜில் அடை மாவும் இருக்கட்டும். இட்லி அரிசி ஒரு பங்கு, பருப்பு ஒரு பங்கு. பருப்பில் பாதி துவரை, மீதி கடலைப்பருப்பும் பாசிப்பருப்பும். இது புளிக்க வேண்டியதில்லை. 3 மணி நேரம் ஊறி, மிளகாய், இஞ்சி, சோம்பு சேர்த்துக் கரகரப்பாக அரைத்தால் உடனே வார்க்கலாம், இரண்டு நாள் தாங்கும். புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களில் அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு, இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது.

தலா 100 கிராம் போட்டால் ஐந்து கனமான அடை, ஒன்றில் 6 கிராம் புரதம். இரண்டு அடை, ஒரு முட்டை, ஒரு கிண்ணம் தயிர், 20 கிராமைத் தாண்டிவிட்டது. மாவை நைஸாக அரைத்துத் தண்ணியாகக் கரைத்தால் கல்லில் ஒட்டும். கனமாக வார்த்து நடுவில் ஓட்டை போடாவிட்டால் ஓரம் கருகும்போதும் நடு வேகாமல் இருக்கும். மூடி போட்டு மிதமான தீயில்.

முட்டையை வேகவைத்தே சாப்பிடுங்கள். பச்சையாக உடைத்துக் குடித்தால் அதன் புரதத்தில் பாதியளவுதான் உடம்பில் சேர்கிறது, வெந்த முட்டையில் பத்தில் ஒன்பது பங்கு சேரும். கிருமிப் பயம் தனி. ஆபீஸுக்கு எடுத்துப்போனால் ஓட்டோடு கொண்டுபோய், வெயில் நாளில் ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள்.

முட்டை வேண்டாதவர்களுக்கு ராத்திரி ஒன்பதரைக்குப் பசியோடு வீடு திரும்பும்போது மீல் மேக்கர் எனப்படும் சோயா உருண்டை கை கொடுக்கும். காய்ந்தது 25 கிராமில் 13 கிராம் புரதம். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, பிழிந்து, பச்சைத் தண்ணீரில் அலசி, மறுபடி பிழிய வேண்டும். அந்த இரண்டாவது பிழிதலைத் தவிர்ப்பவர்கள்தான் "ஒரு வாடை வருதே" என்கிறார்கள். வெங்காயம், மிளகுத்தூள், கறிவேப்பிலையோடு வதக்கினால் சப்பாத்திக்குள் சுருட்டலாம்.

வியர்வைக் கணக்கு

சென்னை, மதுரை வெயிலில் ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றே கால் முதல் ஒன்றரை லிட்டர் வரை குடிக்க வேண்டும், அதுவும் வெறும் தண்ணீராக அல்ல. 100 மில்லி தயிர், 300 மில்லி தண்ணீர், கால் ஸ்பூன் உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை. நீர்மோர் இந்த அளவில் கலந்தால் வியர்வையில் போன உப்பும் திரும்பும். தயிர் புளித்துவிட்டது என்பதற்காக உப்பைக் கூட்டாதீர்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைப் பாதியாக்குங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மேலே சொன்ன புரத அளவு எதையும் தாங்களாகப் பின்பற்றக் கூடாது, மருத்துவர் சொல்லும் அளவே அளவு. இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சிக்குப் போகாதீர்கள். பையில் நாலு பேரீச்சை இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் உடனே நிறுத்தி, அதைச் சாப்பிட்டுவிட்டு, கால் மணி நேரம் உட்கார்ந்து ரத்தச் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள்.