எஃப்.ஏ.ஓ. அலுவலகம் எங்கே இருக்கிறது? மொரீசியஸின் சிறு விவசாயிகளுக்கு ஒரு விளக்கம்

2024 ஜனவரியில் பெலால் புயல் தீவைக் கடந்து சென்ற சில வாரங்களில், ஃப்ளாக் மாவட்டத்தில் அரை ஆர்பான் (ஏறத்தாழ அரை ஏக்கர்) நிலத்தில் பொம்தாமூரும் (தக்காளி) பீன்ஸும் பயிரிட்டு அத்தனையையும் இழந்திருந்த அம்மையார் ஒருவர், எஃப்.ஏ.ஓ. எனப்படும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் அலுவலகத்தைத் தேடி நான்கு முறை பேருந்து ஏறிப் போர்ட் லூயிக்குச் சென்று வந்தார். முதல் நாள் போன இடத்தில் "இது எங்கள் வேலை இல்லை, அடுத்த தெருவில் கேளுங்கள்" என்றார்கள். அடுத்த தெருவில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொண்டுபோன கடிதத்தை மூன்றாவது இடத்தில் வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார்கள். முத்திரையும் இல்லை, எண்ணும் இல்லை. நான்காம் முறை, வாசலில் நின்றிருந்த ஒருவர் "எஃப்.ஏ.ஓ. புராஜெக்ட் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லிக் கோப்புக் கட்டணமாக 3,000 ரூபாய் பெற்றுக்கொண்டு போனவர், அதன்பின் தொலைபேசியை எடுக்கவே இல்லை. அந்த அம்மையாரிடம் ஒரே ஒரு வாக்கியத்தை யாராவது முதல் நாளிலேயே சொல்லியிருந்தால் மூன்று பயணமும் அந்தப் பணமும் மிஞ்சியிருக்கும்: எஃப்.ஏ.ஓ.வின் பிரதிநிதி நம் தீவில் இல்லை, மடகாஸ்கரின் அந்தனனாரிவோவில் இருக்கிறார்.

அமைப்பைப் பற்றிய பொதுச் செய்திகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1945ல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பின் தலைமையகம் ரோமில் இருக்கிறது. அதற்குக் கீழே ஐந்து வட்டார அலுவலகங்கள் உண்டு: ஆப்பிரிக்காவுக்கு அக்ரா, ஆசிய பசிபிக் நாடுகளுக்கு பாங்காக், இலத்தீன் அமெரிக்காவுக்கு சந்தியாகோ, அண்மைக் கிழக்குக்கு கெய்ரோ, ஐரோப்பாவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் புடாபெஸ்ட். வட்டாரத்துக்குக் கீழே துணை வட்டார அலுவலகங்கள், அவற்றுக்கும் கீழே நாட்டு அலுவலகங்கள். ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளுக்கான துணை வட்டார அலுவலகம் ஜிம்பாப்வேயின் ஹராரேயில் இயங்குகிறது. மொரீசியஸ், கொமொரோஸ், செய்ஷெல்ஸ் ஆகிய மூன்றுக்கும் மடகாஸ்கரில் இருக்கும் பிரதிநிதியே பொறுப்பு. ஒரே பிரதிநிதியிடம் பல நாடுகளை ஒப்படைக்கும் இந்த ஏற்பாடு சிறிய நாடுகளுக்கு வழக்கமானதுதான். செலவு மிச்சம் என்பது அதன் நியாயம்.

செலவு யாருக்கு மிச்சம் என்பதை நாம் வேறு விதமாகவும் கணக்கிடலாம். அந்தனனாரிவோ அலுவலகத்தின் மேசையில் என்னென்ன கிடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 2013 முதல் 2016 வரை மடகாஸ்கரின் வெட்டுக்கிளிப் படையெடுப்பை அடக்கும் மூன்றாண்டு வேலை அந்த நாட்டு அரசோடு சேர்ந்து நடந்தது. 2021ல் அதே நாட்டின் தென்பகுதி வறட்சியால் பட்டினியின் விளிம்புக்குப் போனது. அப்படிப்பட்ட பாரங்களுக்கு நடுவே, நம் தீவின் ப்ளேன் சோஃபியில் உருளைக்கிழங்கு அழுகிய செய்தி எத்தனையாவது இடத்தில் இருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. அங்குள்ளவர்களை நான் குறை சொல்லவில்லை. நம் கோரிக்கை அவர்கள் கண்ணில் படவேண்டுமானால் அது நம் அரசின் கையெழுத்தோடு போகவேண்டும் என்பதை விளங்கச் செய்வதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இங்கேதான் முதல் பொறி இருக்கிறது. எஃப்.ஏ.ஓ. தனிமனிதருக்குப் பணம் தரும் அமைப்பு அன்று. கடன் தருவதில்லை, இழப்பீடு தருவதில்லை, நீங்கள் கேட்டதும் வீட்டு வாசலில் விதை மூட்டையை இறக்குவதும் இல்லை. அதன் உறுப்பினர்கள் நாடுகள். அது செவிசாய்ப்பது நாட்டு அரசின் வேண்டுகோளுக்கு. 1976ல் தொடங்கிய தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டம் என்ற ஒன்று அதன் சொந்த வரவுசெலவிலிருந்து நடக்கிறது. அரசுகள் கேட்டால் ஒவ்வொரு திட்டத்துக்கும் 500,000 அமெரிக்க டாலர் வரம்புக்குள் உதவி கிடைக்கும். அந்தப் பணத்தின் பெரும்பகுதி நிபுணர்களின் ஊதியம், பயிற்சி, ஆய்வு, ஓரளவு கருவிகள் என்ற வகையில் செலவாகும். காலமும் குறுகியது: பொதுவாக இரண்டு ஆண்டுகள், நீட்டித்தால் மூன்று. "ஐந்து இலட்சம் டாலர் வந்திருக்கிறதாம், எனக்கு எவ்வளவு?" என்று கேட்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன், அவர்களிடம் அப்படிப் பேசி ஆசை காட்டிய ஆட்களையும் அறிவேன்.

கூட்டுறவுச் சங்கம் கேட்கலாமா என்றால், யோசனையை எழுதிக் கொடுக்கலாம். ஆனால் அதை ஏற்று, நாட்டின் வேண்டுகோளாக மாற்றி அனுப்ப வேண்டியது வேளாண் அமைச்சு. சங்கம் நேரடியாக ரோமுக்கோ அக்ராவுக்கோ கடிதம் எழுதினால், அது மிகுந்த மரியாதையோடு அந்தனனாரிவோவுக்குத் திருப்பப்படும்; அங்கிருந்து அதே மரியாதையோடு நம் அமைச்சுக்குத் திருப்பப்படும்; அமைச்சில் அது பெட்டிக்குள் போகும். சுற்று முடியும்போது ஒரு பயிர்க்காலம் போயிருக்கும்.

இரண்டாவது பொறி இன்னும் நுட்பமானது. எஃப்.ஏ.ஓ.வும் அரசும் சேர்ந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாட்டுச் செயற்றிட்டக் கட்டமைப்பு என்ற ஆவணத்தை உருவாக்குகின்றன. எந்தெந்தத் துறைக்கு முன்னுரிமை என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். உங்கள் கோரிக்கை எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அந்த முன்னுரிமைகளில் ஒன்றின் கீழ் பொருந்தாவிட்டால் நகராது. ஆகவே மனு எழுதும் முன் அந்த ஆவணத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அது இரகசிய ஆவணம் அன்று. "உள் கோப்பு, தரமுடியாது" என்று எவராவது சொன்னால் நம்பவேண்டாம். மனுவின் முதல் பத்தியிலேயே, நீங்கள் கேட்பது அந்த ஆவணத்தின் எந்த முன்னுரிமையின் கீழ் வருகிறது என்று எழுதிவிடுங்கள். புயலின் கொடுமையை வருணிக்கும் இரண்டு பக்கங்களைவிட அந்த ஒரு வரிக்கு வலிமை அதிகம். வருத்தமான செய்தி, ஆனால் உண்மை.

மூன்றாவது பொறிதான் நம்மவர்களை மிகுதியாகக் கவிழ்ப்பது. இதற்கும் ரோமுக்கும் தொடர்பே இல்லை. ஒரு திட்டம் ஒருவழியாக அங்கீகரிக்கப்பட்டு ஊருக்குள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பயிற்சிக்கும் கருவிகளுக்கும் யாரைத் தேர்ந்தெடுப்பது என்று திட்டத்தார் கேட்கும்போது, அரசு அதிகாரிகள் எடுத்துக் கொடுப்பது தங்களிடம் உள்ள பெயர்ப் பட்டியலைத்தான். சிறு விவசாயிகள் நல நிதியத்தில் பதிவு செய்து அட்டை வைத்திருப்பவர்களின் பெயர்களும், ஃபரேய் எனப்படும் உணவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்ல வரும் விரிவாக்க அலுவலர்களின் குறிப்பேட்டில் உள்ள பெயர்களும், பதிவான கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர் பெயர்களும் அந்தப் பட்டியலில் இருக்கும். வேறு எவருடைய பெயரும் இருக்காது. முப்பது ஆண்டுகளாக மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தாலும், காகிதத்தில் இல்லாதவர் விவசாயி அல்லர்.

மேலே சொன்ன ஃப்ளாக் அம்மையாரின் சிக்கல் இதுவே. நிலக் குத்தகை இறந்துபோன கணவரின் பெயரில் இருந்தது. விவசாயி அட்டையும் அவர் பெயரில் இருந்து காலாவதியாகியிருந்தது. கணவர் இறந்த பின் ஆறு ஆண்டுகளாகப் பயிர் செய்தவர் அந்த அம்மையார்தான், சந்தையில் விற்றவரும் அவர்தான். ஆனால் பதிவேட்டின்படி அந்த நிலத்தில் எவருமே உழவில்லை. புயலுக்குப் பின் அரசு தரும் உதவியும் பதிவேட்டைப் பார்த்தே வருவதால் அதுவும் அவருக்குக் கைநழுவியது. இதைப் படிக்கும் பெண்கள், குத்தகைத் தாள் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதை இன்றே எடுத்துப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கணவர், மாமனார், வெளிநாடு போன மைத்துனர் ஆகியோரில் எவர் பெயரில் இருந்தாலும், அவர்கள் உயிரோடு இருக்கும்போதே மாற்றுவது எளிது. பிறகு நோட்டேரிடம் அலையவேண்டும், பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்திடவேண்டும். வாய்ப்பேச்சாக மற்றவர் நிலத்தில் பயிரிடுபவர்களும், விளைச்சலில் பங்கு என்று உழைப்பவர்களும் நில உரிமையாளரிடம் ஒரு தாளாவது எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும்; அதைக் கேட்பது நன்றிகெட்ட செயல் என்று நினைத்துத் தயங்குகிறவர்கள் பலர், அந்தத் தயக்கத்தின் விலையைப் பின்னர் அவர்களே கொடுக்கிறார்கள்.

நம் நாட்டைச் சேர்ந்த ரொட்ரிக்ஸ் தீவினருக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே 2002 முதல் வட்டாரப் பேரவை இயங்குகிறது. வேளாண்மை அந்தப் பேரவையின் ஆணையத்திடம் இருக்கிறது. எனவே அவர்களுடைய கோரிக்கை முதலில் போர்ட் மத்துரினில் தொடங்கவேண்டும். ஆனால் வெளிநாட்டு அமைப்பிடம் கேட்கும் உரிமை நாட்டரசுக்கே என்பதால், அதே கடிதம் போர்ட் லூயிக்கும் வரவேண்டும். இரண்டு அரசுக் கதவுகளைத் தாண்டிய பிறகே மூன்றாவதாக அந்தனனாரிவோ. இரண்டு இடங்களுக்கும் ஒரே நாளில் நகல் அனுப்பிவிட்டு, ஒன்றில் மற்றதன் பெயரைக் குறிப்பிட்டால் "முதலில் அங்கே கேளுங்கள்" என்ற பதிலைப் பாதி அளவாவது தவிர்க்கலாம்.

இனி, அலுவலகங்களில் நடந்துகொள்ளும் முறை. கடிதத்தை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதுங்கள். நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளைகள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள், இதற்கு முகவர் வேண்டியதில்லை. இரண்டு பிரதிகள் எடுத்துச் சென்று, இரண்டாவதில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் இல்லாமல் படியிறங்காதீர்கள். பெற்றுக்கொண்டவரின் பெயரைவிடக் கோப்பு எண் முக்கியம், ஏனெனில் அதிகாரிகள் மாற்றலாகிப் போவார்கள். விரிவாக்க அலுவலர் நிலத்துக்கு வந்து பார்த்தால், வந்த தேதியை அவரையே உங்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பூச்சியோ நோயோ புதிதாகத் தென்பட்டால் அவருக்குச் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். 2016ல் ரொட்ரிக்ஸிலும் மொரீசியஸிலும் கோமாரி நோய் பரவியதை மாடு வளர்ப்பவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய அவசர வேளைகளில் அரசு வெளியுதவி கேட்கும்போது, எத்தனை பேர் எந்த ஊரிலிருந்து அறிவித்தார்கள் என்ற கணக்கே கோரிக்கையின் அடிப்படையாகிறது. அறிவிக்காத இழப்பு நடக்காத இழப்பாகவே எண்ணப்படும்.

ரோமில் எஃப்.ஏ.ஓ. மட்டுமா இருக்கிறது? வேளாண் வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியமும் உலக உணவுத் திட்டமும் அங்கேதான் இருக்கின்றன. நிதியம் முக்கியமாக அரசுகளுக்குக் கடன் தருவது. உணவுத் திட்டம் பட்டினியிலும் பேரிடரிலும் உணவு வழங்குவது. மூன்று பெயர்களும் ஒன்றுபோல ஒலிப்பதால் இங்கே பலர் மாற்றிச் சொல்கிறார்கள், அலுவலர்களும் சொல்கிறார்கள். தவறான பெயரில் எழுதிய மனு தவறான கோப்புக்குள் போய் அங்கேயே தங்கிவிடும்.

கட்டணம் கேட்பவர்களைப் பற்றி மறுபடியும் சொல்லவேண்டியிருக்கிறது. எஃப்.ஏ.ஓ. வேலைக்கு ஆள் எடுக்கும் எந்தக் கட்டத்திலும் பணம் கேட்பதில்லை. ஒரு திட்டத்துக்குப் பரிந்துரைக்க விவசாயியிடம் "பதிவுத் தொகை", "காப்பீட்டு முன்பணம்" என்று எவராவது கேட்டால், அவர் யாராக இருந்தாலும் கொடுக்காதீர்கள். ஐ.நா. அமைப்புகளுக்குப் பொருள் விற்க விரும்புவோர் பதிவு செய்யும் உலகச் சந்தைத் தளத்திலும் அடிப்படைப் பதிவு இலவசம். அதற்கும் இங்கே சிலர் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். மின்னஞ்சல் வந்தால் முகவரியின் வாலைப் பாருங்கள்: அது எஃப்.ஏ.ஓ.டாட்.ஓ.ஆர்.ஜி. என்று முடியவேண்டும். ஜிமெயிலிலிருந்து எழுதும் "இயக்குநர்" எவரும் இயக்குநர் அல்லர். நீல நிறக் கோதுமைக் கதிர்ச் சின்னத்தை யார் வேண்டுமானாலும் தாளில் அச்சிடலாம்.

திட்டம் நடக்கும் காலத்தில் அதற்கென அமர்த்தப்பட்ட ஆட்கள் ஊருக்குள் வருவதுண்டு. அவர்களிடம் புதிய விண்ணப்பம் கொடுப்பதில் பயனில்லை. ஏற்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனால் அவர்களிடம் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு இருக்கின்றன. பயனாளிகளைத் தேர்ந்தெடுத்த விதி என்ன, அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பது ஒன்று. முறையீடு செய்யும் வழி எது என்பது மற்றொன்று. திட்டத்தால் பாதிக்கப்பட்டவர்கள் முறையிட வழி வைத்திருக்கவேண்டும் என்பது எஃப்.ஏ.ஓ.வின் சொந்த விதியே. கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

கடைசியாக, பலரும் கவனிக்காமல் விடுவது. திட்டம் முடியும்போது அது வாங்கிய கருவிகள் அரசின் உடைமையாகின்றன. உங்கள் சங்கத்தின் கொட்டகையில் இரண்டு ஆண்டுகள் இருந்த நீர் இறைக்கும் இயந்திரம் சங்கத்துக்கே சொந்தம் என்று எண்ணியிருந்து, ஒரு காலையில் அரசு வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்து நின்றவர்களை எனக்குத் தெரியும். கருவி வந்திறங்கும் நாளிலேயே, திட்டம் முடிந்தபின் அது யாரிடம் இருக்கும், பழுது பார்ப்பது யார் என்பதை அமைச்சின் கையெழுத்தோடு ஒரு தாளில் வாங்கிவிடுங்கள். ஃப்ளாக் அம்மையார் இப்போது குத்தகையைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார்; அதற்கு பதினான்கு மாதங்கள் ஆயின. புதிய அட்டையின் நகல் ஒன்றை நெகிழி உறையில் போட்டு, விதைப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறார்.