டின்னுக்குள் எவ்வளவு மாவு? ஓவனைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை

ராத்திரி பத்து மணிக்கு மேல் எனக்கு வரும் போன்களில் பாதி, மறுநாள் குழந்தைக்குப் பிறந்தநாள் என்று கேக் போட இறங்கியவர்களிடமிருந்து வருபவை. "அக்கா, நடுவுல குழி விழுந்துடுச்சு." "அக்கா, ஓடிஜி முழுக்கப் புகை." (ஓடிஜி என்றால் மேடைமேல் வைக்கும் சின்ன கரண்ட் ஓவன்.) "அக்கா, அடை மாதிரி தட்டையா வந்திருக்கு, இதை வெட்டி மூணு லேயர் எப்படிப் போடறது?" பதினோரு வருஷமாக வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பும் எடுக்கிறேன். போனை எடுத்ததும் நான் கேட்பது ஒன்றுதான்: எத்தனை இன்ச் டின், அதில் எவ்வளவு மாவு ஊற்றினீர்கள்? முக்கால்வாசிப் பேருக்குப் பதில் தெரியாது. பேக்கிங் பவுடர் பழசு என்பார்கள், முட்டை சரியில்லை என்பார்கள், மாமியார் நடுவில் கதவைத் திறந்து பார்த்துவிட்டார் என்பார்கள் (இது சில சமயம் உண்மையாகவும் இருக்கும்). டின்னை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். எனக்கு வந்த முதல் ஆர்டர் ஒரு கிலோ சாக்லேட் கேக். கையில் இருந்தது ஒரே ஒரு 6 இன்ச் டின். நாலு முட்டைக் கலவையை அடித்து, வீணாக்க மனசு வராமல் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை ஊற்றிவிட்டேன். இருபது நிமிஷத்தில் மாவு டின்னைத் தாண்டி வழிந்து, கீழே இருந்த ஹீட்டர் கம்பியில் சொட்டி, சமையலறையிலிருந்து ஹால் வரை ஒரே கருகல் வாடை. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிட்டார். இட்லிக்கு அரைத்து வைக்கும்போது பாத்திரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்ததுமே நிறுத்திவிடுவோம், ராத்திரி பொங்கிவிடும் என்று சின்ன வயசிலிருந்தே தெரியும். அதே கைக்கு கேக் டின்னைப் பார்த்ததும் அந்தப் புத்தி ஏன் வரவில்லை என்று இன்னமும் யோசிப்பதுண்டு.

முதல் குழப்பமே 'அரைக்கிலோ கேக்' என்ற பேச்சில்தான். அரைக்கிலோ கேக் என்றால் அரைக்கிலோ மாவு என்று பலரும் நினைக்கிறார்கள். கடையில் எடை போட்டுக் கொடுப்பது கிரீம், சர்க்கரைப் பாகு எல்லாம் சேர்ந்த எடை. என் கணக்கில் ஒரு அரைக்கிலோ கிரீம் கேக்கில் ஸ்பான்ஜ் (முட்டையை நுரைக்க அடித்துச் செய்யும், உள்ளே இருக்கும் வெறும் கேக்) 250 கிராம் இருக்கும், கிரீம் 200, மீதி பாகு. வேகும்போது தண்ணீர் ஆவியாகி எடையில் பத்தில் ஒரு பங்கு போலக் குறையும், அதனால் 250 கிராம் ஸ்பான்ஜுக்கு 280 கிராம் மாவு போதும். 2 முட்டை, 70 கிராம் சர்க்கரை, 60 கிராம் மைதா, கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் பால், அவ்வளவுதான். இது 6 இன்ச் டின்னுக்கு அளவாக உட்காரும். 7 இன்ச் என்றால் 3 முட்டை, 8 இன்ச் என்றால் 4. ஸ்பான்ஜுக்கு மட்டும் இந்த 6-2, 7-3, 8-4 கணக்கை மனப்பாடமே செய்துகொள்ளலாம்.

ஆனால் உங்களிடம் இருக்கும் 6 இன்ச் டின் உண்மையிலேயே 6 இன்ச்தானா? பாத்திரக்கடையில் வாங்கும் அலுமினிய டின் பலதும் மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் இருக்கும். சில கடைகளில் இன்ச் கணக்கே கிடையாது, 'அரைக்கிலோ டின்', 'ஒரு கிலோ டின்' என்றுதான் கொடுப்பார்கள், அந்த ஒரு கிலோ கடைக்குக் கடை மாறும். அதனால் அளவுகோலை விட்டுவிட்டு டின்னைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். 1 கிராம் தண்ணீர் 1 மில்லி. நேரான சுவரும் 2 இன்ச் உயரமும் உள்ள 6 இன்ச் வட்ட டின் சுமார் 925 மில்லி பிடிக்கும், 7 இன்ச் 1260, 8 இன்ச் 1650, 9 இன்ச் 2085. அடி கழலும் டின்னாக இருந்தால் ஒழுகும், உள்ளே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரை விரித்துவிட்டு ஊற்றுங்கள். வந்த எண்ணை டின்னின் அடியில் ஆணியால் கீறி வைத்துவிடுவேன் நான். மார்க்கரில் எழுதினால் பத்து தடவை தேய்த்துக் கழுவுவதற்குள் போய்விடுகிறது.

மாவு இந்தக் கொள்ளளவில் பாதிக்குக் குறையக்கூடாது, மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக்கூடாது. தாண்டினால் வழிவது மட்டும் பிரச்சினை இல்லை. டின்னின் ஓரம் முதலில் சூடாகி இறுகும், நடுப்பகுதி கடைசியில்தான் வேகும். மாவு ஆழமாக இருந்தால் மேலே நன்றாகச் சிவந்த பிறகும் நடுவில் கூழாகவே இருக்கும், நிறத்தைப் பார்த்து வெளியே எடுப்போம், தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் நடு அப்படியே உட்காரும். எனக்கு வரும் 'குழி விழுந்துடுச்சு' போன்களில் பெரும்பாலானவை இதுதான். குறைத்து ஊற்றினால் வேறு மாதிரி: உயரமான டின் சுவர் சூட்டை மறைத்து மேல்பாகம் வெளுத்தே இருக்கும், நிறம் வரட்டும் என்று காத்திருப்போம், அதற்குள் கேக் ரஸ்க் ஆகிவிடும்.

இன்னொரு வலை, '6 இன்ச்சுக்கும் 8 இன்ச்சுக்கும் ரெண்டே இன்ச்தானே' என்ற எண்ணம். ஆறாறு முப்பத்தாறு, எட்டெட்டு அறுபத்து நாலு. 6 இன்ச் அளவை 8 இன்ச்சுக்கு மாற்ற கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மாவு வேண்டும். வகுப்புக்கு வந்த ஒருவர் தள்ளுபடியில் 10 இன்ச் டின் வாங்கி, அதில் இரண்டு முட்டைக் கலவையை ஊற்றிவிட்டு, பட்டர் பேப்பர் தெரிகிறதே என்று எனக்குப் படம் அனுப்பினார். சதுர டின் இன்னும் கொஞ்சம் ஏமாற்றும்: 8 இன்ச் சதுரமும் 9 இன்ச் வட்டமும் ஏறக்குறைய ஒரே அளவு மாவு பிடிக்கும்.

இதுவரை சொன்னது காற்று ஏற அடித்த ஸ்பான்ஜுக்கு. பட்டர் கேக்குக்கு எடைக் கணக்கு அப்படியே மாறிவிடும். ஸ்பான்ஜ் மாவு நுரை, 280 கிராமே அரை லிட்டருக்கு மேல் இடம் அடைக்கும். வெண்ணெய் சேர்த்த மாவு கனமானது, அதே 6 இன்ச் டின் 450 கிராமைச் சாதாரணமாகத் தாங்கும். கிறிஸ்துமஸுக்குப் போடும் பிளம் கேக்கில் பழமே பாதி, அது பெரிதாக எழும்பாது, முக்கால் டின் வரை ஊற்றலாம். ஆக எடையைக் குறித்து வைத்துக்கொண்டாலும், எந்தக் கேக்குக்கான எடை என்று பக்கத்தில் எழுதாவிட்டால் பிரயோஜனமில்லை.

அளவை இரட்டிப்பாக்கும்போது கை தவறுவது பேக்கிங் பவுடரில்தான். கப் மைதாவுக்கு (நான் எடுப்பது 125 கிராம்) 1 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், டீஸ்பூன் என்றால் தலைதட்டிய 5 மில்லி. வீட்டில் ஆளுக்கொரு ஸ்பூன் இருக்கும், அதில் குவித்து இரண்டு போட்டால் நாலாகிவிடும். கேக் அழகாக எழும்பி, கண் முன்னாலேயே அமுங்கும். சமையல் சோடா என்றால் கால் டீஸ்பூன், அதுவும் தயிரோ வினிகரோ இருந்தால்தான், இல்லாவிட்டால் சோப்பு வாடை.

சரி, வழிந்துவிட்டது, புகை வருகிறது. முதலில் சுவிட்சை அணையுங்கள், கதவைத் திறக்காதீர்கள். உள்ளே தீப்பொறி இருந்தாலும் காற்று இல்லாமல் அடங்கும், திறந்தால் வளரும். தண்ணீர் தெளிக்கவே கூடாது. கம்பியைச் சுரண்டுவது முழுதாக ஆறிய பிறகு, பிளக்கையும் பிடுங்கிய பிறகு. வழியுமோ என்று சந்தேகம் இருந்தால் டின்னுக்கு நேர் கீழே கம்பி வலைத் தட்டில் அலுமினியத் தாளைப் போடுங்கள், ஹீட்டர் கம்பியின் மேல் போட்டுவிடாதீர்கள். ஓடிஜி பெரும்பாலும் 1200 முதல் 2000 வாட் வரை இழுக்கும், அதை மிக்ஸியும் செல்போன் சார்ஜரும் தொங்கும் எக்ஸ்டென்ஷனில் மாட்டி, பிளக் உருகி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். 16 ஆம்ப் பாயின்ட்டில் நேரடியாக மாட்டுங்கள்.

குக்கரில் கேக் போடுகிறவர்களுக்கு: கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றாமல் அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். என்னைக் கேட்டால் குக்கரே வேண்டாம். தண்ணீரில்லாமல் முக்கால் மணி நேரம் காய்ந்து அடி வளைந்துபோன குக்கர் அப்புறம் சாதத்துக்கும் ஆகாது. பழைய கனமான பாத்திரம், பொருத்தமான மூடி, அடியில் உப்பு, இது போதும்.

மாவு மிஞ்சிவிட்டால்? டின்னுக்குள் அமுக்காதீர்கள். பேக்கிங் பவுடர் போட்ட மாவு கால் மணி நேரம் காத்திருக்கும், ஸ்பான்ஜ் மாவு அந்தப் பொறுமைகூட இல்லாதது. பச்சை முட்டையும் பச்சை மைதாவும் வயிற்றைக் கெடுக்கும் என்பதால் குழந்தைகளுக்கு வழித்து நக்கவும் கொடுக்காதீர்கள். பணியாரக்கல்லை எடுங்கள். குழிகளில் வெண்ணெய் தடவி, முக்கால் குழிக்கும் குறைவாக ஊற்றி, மூடி போட்டு, தீயை உள்ளதிலேயே சின்னதாக வையுங்கள். நாலைந்து நிமிஷத்தில் மேலே காய்ந்த மாதிரி தெரியும், கம்பியால் ஒரு திருப்பு, இன்னும் ஒரு நிமிஷம். முதல் ஈடு எப்படியும் கொஞ்சம் கருகும், அதை நீங்களே சாப்பிட்டுவிடலாம்.