சொல் விளக்கம்: எலக்டோரல் காலேஜ் – தேர்வாளர் குழு

அமெரிக்க அதிபர் தேர்தல் வரும்போதெல்லாம் தமிழ்ச் செய்திகளில் அடிபடும் ‘எலக்டோரல் காலேஜ்’ என்ற தொடர், அதிபரையும் துணை அதிபரையும் முறைப்படி தேர்ந்தெடுக்கும் 538 பேரைக் குறிக்கிறது. பிரதிநிதிகள் அவையிலும் செனட்டிலும் ஒரு மாநிலத்துக்கு எத்தனை இடங்களோ அத்தனை பேர் அம்மாநிலத்தின் சார்பில் இதில் இடம்பெறுவர். 1961-இல் ஏற்கப்பட்ட 23-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தலைநகர் வாஷிங்டனுக்கும் மூவர் உண்டு. குறைந்தது 270 பேரின் வாக்கைப் பெற்றவரே அதிபர்.

‘காலேஜ்’ என்பதன் மூலமான ‘கொல்லேகியும்’ என்னும் லத்தீன் சொல், ஒரே பொறுப்பை ஏற்றுள்ள சகாக்களின் கூட்டத்தைக் குறித்தது; கல்விக்கூடம் என்ற பொருள் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது. போப்பைத் தேர்ந்தெடுக்கும் கர்தினால்களின் அவைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரில் அந்தப் பழம்பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. ‘எலக்டர்’ என்பதும் பழைய சொல்லே: புனித ரோமப் பேரரசில் மன்னரைத் தெரிவு செய்யும் உரிமை பெற்ற எழுவரை 1356-ஆம் ஆண்டின் ‘பொன் ஆணை’ வரையறுத்தபோது, அவர்கள் இப்பெயராலேயே சுட்டப்பட்டனர். 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பில் ‘எலக்டர்கள்’ உண்டு, ‘எலக்டோரல் காலேஜ்’ இல்லை. அத்தொடர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேச்சு வழக்கில் பரவி, 1845-இல்தான் கூட்டாட்சிச் சட்டத்தில் இடம்பெற்றது.

இதைத் ‘தேர்தல் கல்லூரி’ என்று பெயர்ப்பது நகைப்புக்கே இடமளிக்கும். ‘வாக்காளர் குழு’ என்றால், வாக்குரிமை உள்ள குடிமக்கள் அனைவரும் வாக்காளர்களே என்பதால் குழப்பம் வரும். ‘தேர்வர்’ என்ற சொல்லோ தேர்வெழுதுவோருக்கு என்று ஆகிவிட்டது. தேரும் பணியைச் செய்பவர் என்று தெளிவாக உணர்த்தும் ‘தேர்வாளர்’ என்பதோடு, ஐம்பெருங்குழு என்ற வழக்கிலேயே நாமறிந்த ‘குழு’வைச் சேர்த்துத் ‘தேர்வாளர் குழு’ என்பதே பொருத்தமாகப் படுகிறது. இத்தனைக்கும் இக்குழு ஒருமுறைகூட ஓரிடத்தில் கூடுவதில்லை. தேர்வாளர்கள் டிசம்பரில் தத்தம் மாநிலத்தில் கூடி வாக்களிக்க, அவ்வாக்குகள் ஜனவரி 6 அன்று நாடாளுமன்றத்தில் எண்ணப்படுகின்றன.

சீர்திருத்தம் கோருவோரின் முதல் குறை விகிதத்தைப் பற்றியது. 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி ஆறு இலட்சத்துக்கும் குறைவான மக்களைக் கொண்ட வயோமிங்குக்கு 3 தேர்வாளர்கள். ஏறக்குறைய நான்கு கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கு 54 பேர். அதாவது, ஒரு தேர்வாளருக்கு அங்கே சுமார் 1,92,000 பேர், இங்கே 7,30,000-க்கும் மேற்பட்டோர். இதனினும் பெரிய சிக்கல், மெய்னும் நெப்ராஸ்காவும் நீங்கலான 48 மாநிலங்களும் வாஷிங்டனும், ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கும் தம் தேர்வாளர் வாக்குகள் முழுவதையும் அளித்துவிடுவதே என்பது என் கருத்து. 2000-த்திலும் 2016-இலும் நாடு முழுவதும் குறைவான வாக்குகளைப் பெற்றவர் அதிபரானதற்கு இந்த ஏற்பாடு முக்கியக் காரணம். அரசியலமைப்பு இதைக் கட்டாயமாக்கவில்லை, மாநிலங்கள் தாமே இயற்றிக்கொண்டவை இச்சட்டங்கள்.

குழுவையே நீக்கும் திருத்தம் 1969-இல் பிரதிநிதிகள் அவையில் 338-க்கு 70 என்ற கணக்கில் நிறைவேறியும், மறு ஆண்டு செனட்டில் முடிவில்லாப் பேச்சால் முடக்கப்பட்டது. நிறைவேறியிருந்தாலும் 38 மாநிலங்களின் ஒப்புதல் தேவைப்பட்டிருக்கும். அந்த வழி கடினம் என்பதால் 2007-இல் மேரிலாந்து வேறு வழியைத் தொடங்கியது: நாடு தழுவிய வாக்கில் முந்துபவருக்கே தம் தேர்வாளர்களை அளிப்பதாக மாநிலங்கள் தமக்குள் செய்துகொள்ளும் உடன்படிக்கை. 2024 நிலவரப்படி 17 மாநிலங்களும் வாஷிங்டனும் சேர்ந்து 209 தேர்வாளர்களைக் கொண்டிருந்தன; 270 எட்டும்வரை அது நடைமுறைக்கு வராது.

பரப்புரைச் செலவுக்கும் இக்குழுவுக்கும் நேர்த் தொடர்பு உண்டு. முடிவு முன்கூட்டியே தெரிந்த மாநிலத்தில் விளம்பரத்துக்குப் பணம் செலவிட எவரும் விரும்பார்; பென்சில்வேனியா போன்ற ஊசலாடும் மாநிலங்களிலேயே பணம் கொட்டப்படுகிறது. ஆயினும் தேர்வாளர் முறையை மாற்றினால் பணம் வேறு ஊர்களுக்குப் பரவுமே தவிரக் குறையாது. வேட்பாளரின் செலவுக்கு உச்சவரம்பு விதிப்பது பேச்சுரிமைக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் 1976-இல் பக்லி வழக்கில் தீர்ப்பளித்தது. நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் வேட்பாளரைச் சாராமல் தனித்துச் செய்யும் செலவுக்கான தடையை 2010-இல் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் நீக்கியது. வரி செலுத்துவோர் தம் படிவத்தில் விரும்பிக் குறிக்கும் 3 டாலரால் நிரம்பும் பொது நிதியம் ஒன்று வேட்பாளர்களுக்காக இருக்கிறது. அதைப் பெறுவோர் செலவு வரம்பை ஏற்க வேண்டும் என்பதால், 2008 பொதுத் தேர்தலில் ஒபாமா அந்நிதியை மறுத்துத் தனியார் நன்கொடையையே நம்பினார். 2012 முதல் இரு பெருங்கட்சிகளின் வேட்பாளர்களும் பொதுத் தேர்தலுக்கு அதை நாடவில்லை.